ரூபினியின் இடது கண்ணில் நல்ல தண்ணீர்

கரிச்சான்விளைக்குத் தண்ணீர் லாரி வராமல் போன ஒரு வெயில் நாளில், சந்தனமாரியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ரூபினியின் இடது கண்ணிலிருந்து வடிந்த நீர், தாயின் ரவிக்கையை நனைத்து, முழங்கை வழியாக இறங்கி, கீழே வெறுமனே கிடந்த பச்சைக் குடத்துக்குள் விழுந்து, லாரி இனி வராது என்று எல்லோரும் ஏசி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் குடத்தைக் கழுத்துவரை நிரப்பிவிட்டது. பக்கத்தில் நின்ற சுயம்புக்கனி ஒரு கை அள்ளிக் குடித்தாள். சப்புக்கொட்டினாள். "ஏட்டி மாரி, நல்ல தண்ணில்லா இது. டீ போட்டா தூக்கலா இருக்கும்" என்று சொல்லி, கேட்காமல் கொள்ளாமல் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் வெறுங்குடத்தை அந்த இடத்தில் வைத்தாள். அந்த ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

ஆச்சரியப்படுவதற்கு அந்த ஊருக்கு எங்கே நேரம்? நாலு பக்கமும் உப்பளம். எங்கே தோண்டினாலும் உவர், எத்தனை ஆழம் போனாலும் கரிப்பு. துவைத்த துணி கொடியில் அட்டையாக விறைத்து நிற்கும், பருப்பு வேகவே வேகாது, தலைக்குக் குளித்தால் முடி சிக்கு விழும். பாத்தியில் நின்று நின்று புண்ணான கால்களைக் கழுவக்கூட அந்தக் கரிப்புத் தண்ணீர்தான் என்பதால் புண் எந்த நாளும் ஆறாது. அப்படிப்பட்ட ஊரில் கழுதையின் காதிலிருந்து நல்ல தண்ணீர் வந்தாலும் முதலில் குடத்தைத்தான் கொண்டுவருவார்கள், கழுதையை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

ரூபினிக்குப் பிறந்ததிலிருந்தே அந்தக் கண் அப்படித்தான். அழுதாலும் வடியும், சிரித்தாலும் வடியும், தூங்கி எழுந்தால் இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தடுப்பூசி போட வரும் ஸ்டெல்லா சிஸ்டரிடம் சந்தனமாரி அப்போதே காட்டியிருந்தாள்.

"கண்ணுல ஊறுற தண்ணி மூக்குக்குள்ள எறங்க ஒரு குழா இருக்கு மாரி, நூல் மாதிரி. சில பிள்ளைகளுக்குப் பொறக்கும்போதே அதோட கீழ்வாசல்ல மெல்லிசா ஒரு தோல் மூடியிருக்கும். எறங்க வழியில்லாம வெளிய வடியுது, அவ்வளவுதான்" என்றார் சிஸ்டர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார், கண்ணின் உள்மூலையில் மூக்கை ஒட்டி விரலை வைத்து மெல்ல அழுத்திக் கீழ்நோக்கி நீவிக் காட்டினார். பீளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். தாய்ப்பாலைப் பீய்ச்சி விடக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது. "முக்காவாசிப் பிள்ளைகளுக்கு ஒரு வயசுக்குள்ள தானாத் தொறந்துரும். ஆனா ஒண்ணு. அந்த மூலை செவந்து வீங்குனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, கண்ணத் தொறக்காமக் கெடந்தாலோ, வெளிச்சத்தப் பாத்துக் கூசுனாலோ ஒரு பொழுதுகூட வீட்ல வச்சிருக்காத. ஒரு வயசு தாண்டியும் வடிஞ்சாலும் ஆஸ்பத்திரிதான். கேட்டியா?"

கேட்டாள். கேட்டபடியே செய்துவந்தாள். காலையிலும் மாலையிலும் பிள்ளையை மடியில் கிடத்தி நீவி நீவி அவளுடைய விரலுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தக் கண்ணீர் எந்த நாளில் கரிப்பை விட்டு நல்ல தண்ணீராக மாறியது என்று அவளுக்குத் தெரியாது. ஊரும் கேட்கவில்லை.

ஊர் கேட்டதெல்லாம் யாருக்கு முதல் குடம் என்பதைத்தான். கைப்பிள்ளைக்காரி முதலில், நோயாளி இருக்கும் வீடு அடுத்து, விசேஷ வீடு அதற்கடுத்து, சண்டைக்காரர்கள் கடைசியில் என்று முறை வந்தது. கடல் பக்கத்துக் கொண்டல் காற்று முகத்தில் அடித்தால் கண் கூடுதலாக வடிகிறது என்று கண்டுகொண்டு, தெருக்கோடியில் காற்றுக்கு முகம் காட்டி ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் வந்தது. பந்தலுக்குக் கீழே மடித்த சேலையும், சேலை மேல் ரூபினியும், ரூபினியின் தாடைக்குக் கீழே தண்ணீர் வழிந்திறங்கத் தகரத்தால் ஒரு தாரையும், தாரைக்குக் கீழே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் குடங்களும் வந்தன. டீக்கடைக்காரர் பலகாரம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் பிள்ளைக்கென்று ஒரு தட்டில் கடலைமிட்டாய் எடுத்துவைத்தார், அது இன்னும் பல் முளைக்காத பிள்ளை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பருப்பு வெந்தது. தலைமுடி பறந்தது. சுயம்புக்கனியின் காலில் கல்யாணமான வருஷத்திலிருந்து இருந்த புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டுக்கொண்டாள். லாரிக்காரர் இரண்டு நடை வந்து பார்த்து, ஒருவரும் குடத்தோடு ஓடிவராததைக் கண்டு மனம் வெறுத்து, அந்தப் பாதையையே விட்டுவிட்டார்.

பெண் வந்தது, அதுதான் பெரிய விஷயம். தண்ணீர் இல்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்? கங்காணி லிங்கதுரையின் மகனுக்கு முன்வழுக்கை விழும்வரை கொடுக்கவில்லை. இப்போது திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் பந்தலில் நின்று ஆளுக்கொரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தலையைக்கூடப் பார்க்காமல் தட்டை மாற்றிக்கொண்டு போனது.

அன்றைக்குத்தான் கங்காணி சந்தனமாரியின் வீட்டு வாசலுக்கு வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மேல் நிற்கிற ஆள், ஆனாலும் அதட்டத் தெரியாதவர்.

"பிள்ளைக்கி மூக்கு ஓரத்துல நீவி விடுதியாமே தாயி?"

"ஆமா அண்ணாச்சி. சிஸ்டர் சொன்னாவ."

"நீவுனா தொறந்துருமாம்லா. தொறந்துட்டா உள்ள போயிரும்லா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஊரு குடிக்குது தாயி. கொஞ்ச நாளைக்கி வேண்டாமே."

அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் என்ன செய்வது? மிரட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். ஊரே தன்னை 'தாயி' என்று கூப்பிடுவதும், கடையில் வரிசையில் முன்னே விடுவதும், பேசாதவர்கள் பேசுவதும் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. நீவுவதை நிறுத்தினாள். நிறுத்திய நாளிலிருந்து அந்த விரலுக்கு நிலைகொள்ளவில்லை. உப்பு வாரும்போது பலகையின் கைப்பிடியில் நீவியது, அரிசி களையும்போது பாத்திரத்தின் விளிம்பில் நீவியது, தூக்கத்தில் புருஷனின் முதுகில் நீவியது. ஐகோர்ட்துரை திடுக்கிட்டு எழுந்து, "என்னட்டி?" என்பான். "ஒண்ணுமில்ல" என்பாள். ஒன்றுமில்லாமலா ஒருத்தி எழுந்து எழுந்து உட்காருவாள்?

பிள்ளை பந்தலுக்கடியில் வளர்ந்தது. தவழ வேண்டிய வயதில் உட்கார்ந்திருந்தது. ஈரத்திலேயே கிடந்து கன்னம் தடித்துச் சொரசொரத்தது. குடத்தின் வாய் தகரத்தில் உரசும் சத்தம் கேட்டாலே உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். அதைத் தூக்க வருகிறவர்களைக் காட்டிலும் தூக்காமல் குடம் வைக்க வருகிறவர்களே அதிகம் என்பதால், அதற்கு ஊர்க்காரர்களின் முகங்கள் தெரியாது, குடங்களின் நிறம்தான் தெரியும்.

பங்குனி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில், கண்ணின் உள்மூலை சிவந்திருந்தது.

இங்கே உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊரை வெறும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். பாத்தியில் பாய்ச்சிய தண்ணீர் வெயிலில் நின்று முற்றும்போது ஒரு கட்டத்தில் சிவக்கும். அந்தச் சிவப்பைக் கண்டால் கரிச்சான்விளைக்காரனுக்கு வயிறு குளிரும், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். சிவந்த பாத்தியை வெள்ளை பூக்கும்வரை தொடக் கூடாது, கலக்கக் கூடாது, வரப்பில் ஒரு வேப்பங்குழையைக் குத்திவிட்டு எல்லோரும் விலகி நிற்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசப் பழகும் முன்னே பழகுவது இதைத்தான். சிவந்தால் நல்லது, சிவந்ததைத் தொடாதே.

"செவந்துருச்சு!" என்று தெரு முழுக்கச் சத்தம் போனது. சொல்லவே வெட்கம், சந்தனமாரிக்கும் முதல் நொடியில் மனம் குளிர்ந்துதான் போயிற்று. அவளும் உப்பளத்தில் பிறந்தவள்தானே. கண்ணிலிருந்து தண்ணீர் வடிவது குறைந்து கொழகொழவென்று மஞ்சளாக ஏதோ வந்தபோது, "முத்துது, முத்துது" என்றார்கள். இனிமேல் குடமாக வராது, ஊற்றாகவே பொங்கும் என்றார்கள், ஊருணி வெட்ட இடம்கூடப் பார்த்தார்கள். கங்காணி தம் கையாலேயே அவளுடைய வாசல் நிலையில் வேப்பங்குழை செருகினார். பிள்ளையை யாரும் தொடக் கூடாது.

அவள் தொட்டாள். பெற்றவளை யார் தடுப்பது? தொட்ட கையைச் சுட்டது. மூலையில் இருந்த வீக்கம் மூக்குப் பக்கமாகப் பருத்து, பளபளவென்று இறுகி, இமையைத் திறக்கவிடாமல் மூடியிருந்தது. பால் குடிக்க வாய் வைத்த பிள்ளை வலியில் தலையைத் திருப்பிக்கொண்டு முனகியது.

"காய்ச்சல் அடிக்குதுங்க."

ஐகோர்ட்துரை வாசலில் இருந்த குழையைப் பார்த்தான். "அண்ணாச்சி பொறுக்கச் சொல்லுதாவ. நாளைக்கிப் பாப்பமே."

அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், தோளை மாற்றிக்கொண்டு நடந்தாள், சோறு பொங்கிக் குழைந்து தீய்ந்துபோகும் வாடை வந்தும் நடந்தாள். உட்கார்ந்தால் தூக்கிப்போட்டது, நின்றால் கால் ஓடியது, ஓடினால் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்றால், தன் மடியில் கிடந்து கொதிக்கிற இது என்ன? பொறுத்திருந்தால் விளையும் என்கிறார்களே, பிள்ளையிடமிருந்து என்னதான் விளைய வேண்டும் இவர்களுக்கு? நடந்துகொண்டே போனை எடுத்து ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் வேறொரு ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், மூலை செவந்துருக்கு."

"வீக்கம்?"

"இருக்கு."

"காய்ச்சல்?"

"கொதிக்குது சிஸ்டர். கண்ணே தொறக்கல. எங்க ஊருல செவந்தா நல்லதும்பாவ..."

"உப்புக்கு நல்லது மாரி. உள்ள சீழ் வச்சிருக்கு. அது கண்ணுக்குப் பின்னால பரவும், ரத்தத்துல ஏறும். அழுத்தாத, நீவாத, பிள்ளையத் தூக்கிட்டு இப்பவே கெளம்பு. போன வச்சிட்டுக் கெளம்பு!"

கிளம்பினாள். நிலையில் இருந்த குழையைப் பிடுங்கி எறிந்தாள். ஐகோர்ட்துரை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

தெருவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் கம்பு எடுத்துவரவில்லை, யாரும் கத்தவில்லை. அவரவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரை, வழக்கமாகத் தண்ணீருக்கு நிற்பதுபோலவே நின்றார்கள். வழி இல்லை, அவ்வளவுதான்.

"செவந்த பாத்தியக் கலக்காத தாயி" என்றார் கங்காணி. "மவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சாச்சு தாயி. வெள்ளை பூக்கட்டும், அப்புறம் நானே காரு புடிச்சுத் தாரேன்."

சந்தனமாரிக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது. சிஸ்டர் சொன்ன சீழையும் ரத்தத்தையும் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டார்கள், நகரவில்லை. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது சிவப்பு, சிவப்பு நல்லது. அவள் நேராகச் சுயம்புக்கனியிடம் போனாள். அவளுடைய கையை வெடுக்கென்று பிடித்தாள். "தொடுங்க மதினி" என்றாள்.

"ஏட்டி, தொடக் கூடாதுட்டி..."

"தொடுங்க!"

பிடித்த கையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். சுயம்புக்கனி உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிறகு உருவவில்லை. நாலு பெற்றவள் அவள், இரண்டைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். அந்தச் சூடு எந்தச் சூடு என்று அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். இடுப்பிலிருந்த குடம் நழுவி, கொலுசுக் காலில் விழுந்து, உருண்டுபோனது.

"எய்யா!" என்று அலறினாள். "இது பாத்தி இல்லய்யா, பிள்ள! பிள்ள எரியுது! தொட்டுப் பாருங்க எல்லாரும், வந்து தொட்டுப் பாருங்க பாவிகளா!"

ஒருத்தி தொட்டாள். இன்னொருத்தி தொட்டாள். இத்தனை மாதம் அந்தக் கண்ணின் தண்ணீரைக் குடித்தவர்களில் பலர் அந்தப் பிள்ளையைத் தொட்டதே அப்போதுதான். தொட்ட ஒவ்வொருத்தியும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்க, தெருவின் நடுவே தானாக ஒரு வழி விழுந்தது. கங்காணி கடைசியில் நின்றார். விரலின் நுனியால் பிள்ளையின் காலைத் தொட்டார். தலையைக் குனிந்துகொண்டு, தார்ப்பாய் போட்டு நின்றிருந்த உப்பு லாரிக்குப் போய், டிரைவரைத் தட்டி எழுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா இமையை விலக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஊருக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்துச்சு டாக்டரம்மா."

டாக்டரம்மா அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கண்ணில் வண்டு வளர்த்தவனையும் பார்த்தவர் அவர். படுக்கை கொடுத்து, கையில் ஊசி ஏற்றி, நரம்பு வழியாக மருந்து செலுத்தினார்கள். சந்தனமாரி கட்டிலுக்கும் சன்னலுக்குமாக நடந்தாள். நர்ஸ்கள் உட்காரச் சொன்னார்கள், நடந்தாள். காய்ச்சல் இறங்கி, பிள்ளை முதல்முறை பாலை இழுத்துக் குடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

வீக்கம் வடிந்தது. கண் திறந்தது. திறந்த கையோடு மறுபடியும் நல்ல தண்ணீர், முன்னைவிடத் தெளிவாக. பக்கத்துக் கட்டில்காரர் டம்ளரை நீட்டினார். சாயங்காலத்துக்குள் அடுத்த வார்டிலிருந்தெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து நின்றுவிட்டார்கள், ஒருவர் டோக்கன் கிடையாதா என்று கேட்டார்.

டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சொன்னார். "வீக்கம் போயிருச்சு, ஆனா அடைப்பு அப்படியேதான் இருக்கு. சின்னதா மயக்க மருந்து குடுத்து, மெல்லிசு கம்பிய விட்டு அந்தத் தோலத் தொறந்து விடணும். சீக்கிரம் முடிஞ்சிரும். பெரும்பாலும் ஒரே தடவையில சரியாகும்."

ஐகோர்ட்துரை மெல்லக் கேட்டான். "தொறக்காம விட்டா டாக்டரம்மா?"

"இப்ப வந்த மாதிரி மறுபடியும் வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. அடுத்த தடவ இவ்வளவு சீக்கிரம் கொண்டு வருவீங்களான்னும் சொல்ல முடியாது."

அவன் ஊரை நினைத்தான். வெந்த பருப்பை நினைத்தான், கங்காணி மகனின் கல்யாணப் பந்தலை நினைத்தான், திரும்பிப் போனால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று நினைத்தான். எல்லாம் அவன் முகத்தில் எழுதியிருந்தது. சந்தனமாரியும் அதையெல்லாம் நினைக்காமல் இல்லை. சுயம்புக்கனியின் கால் மறுபடியும் வெடிக்குமே என்று நினைத்தாள். ஆனால் அவளுடைய விரல், அந்தப் பாழாய்ப்போன விரல், அப்போதும் கட்டில் கம்பியில் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டிருந்தது.

"தொறந்து விடுங்க டாக்டரம்மா" என்றாள்.

திறந்துவிட்டார்கள்.

ஊருக்குள் பஸ் வந்து நின்றபோது, பெண்கள் எல்லோரும் மரத்தடியில் குடங்களோடு காத்திருந்தார்கள். கங்காணி நடையாய் நடந்து, லாரிக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவரை அந்தப் பாதைக்குத் திரும்ப வரவழைத்திருந்தார். கல்யாணம் நடந்துவிட்டது. மருமகள் முதல் நாளே பருப்பு வேகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனாலும் போய்விடாமல், மற்றவர்களோடு வரிசையில் குடம் வைத்து நின்றாள். சந்தனமாரி பிள்ளையோடு இறங்கினாள். எல்லோரும் பிள்ளையின் இடது கண்ணையே பார்த்தார்கள். கண் தெளிவாக இருந்தது, கன்னம் காய்ந்திருந்தது. ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அது நிம்மதியா ஏக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ரூபினி அவர்களைப் பார்த்தது. சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் பார்த்தது. உடம்பைக் குறுக்கி, தாயின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, அந்த ஊர் ஒருநாளும் கேட்டிராத ஓர் அழுகை அழுதது.

முதலில் சுயம்புக்கனிக்குத்தான் புரிந்தது. கையிலிருந்த குடத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள், புது மருமகள் ஒன்றும் விளங்காமலே தன் குடத்தையும். சிலர் முந்தானையால் மூடினார்கள், சிலர் மரத்துக்குப் பின்னால் உருட்டிவிட்டார்கள். தூரத்தில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, நின்று, மறுபடியும் அடித்தது. ஒருத்தியும் திரும்பவில்லை. லாரிக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தண்ணி வேணுமா வேண்டாமா?" என்று கத்தினார். வேண்டும்தான், கொஞ்சம் இரும் ஐயா.

சுயம்புக்கனி இரண்டு கைகளையும் விரித்துக்காட்டினாள். "வா தாயி. மதினிட்ட ஒண்ணுமில்ல பாரு. அத்தகிட்ட வா" என்றாள், மதினியா அத்தையா என்று அவளுக்கே குழம்பிப்போனது, அழுகையும் சிரிப்புமாக வந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்தி அந்தக் கைகளைப் பார்த்தது. கைகளுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாயின் கழுத்திலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டியது.